நார்வே இறங்கிய 15 படிகள்

ஒரு நாட்டின் வருமானத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தவர்களில் முதன்மையானவர் சைமன் குஸ்நெட்ஸ். 1934இல் அமெரிக்க செனட்டுக்கு அவர் கொடுத்த அறிக்கையிலேயே, இதை வைத்து மக்களின் நல்வாழ்வை எடைபோட முடியாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. கணக்கு உலகெங்கும் பரவியது. எச்சரிக்கை அறிக்கையோடு நின்றுவிட்டது.

அதைத் தூசி தட்டி எடுக்க அரை நூற்றாண்டு பிடித்தது. பாகிஸ்தானின் முன்னாள் நிதியமைச்சர் மஹ்பூப் உல் ஹக், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்காக 1990இல் மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டுவந்தார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் சேர்ந்த கணக்கு. கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர் அமர்த்தியா சென்னுக்கு முதலில் இது ஒப்பவில்லை. வாழ்க்கையை ஒற்றை எண்ணுக்குள் திணிப்பதாவது! வருமானக் கணக்கோடு மோத அதைப் போலவே கரடுமுரடான ஓர் எண் வேண்டும் என்று ஹக் வாதாடி வென்றார். வருமானம் குறைந்தும் ஆயுளும் எழுத்தறிவும் மிகுந்த இலங்கை, இந்தப் பட்டியலில் மேலே வந்தது.

அந்த வாழ்வுக்காக எவ்வளவு காடும் எண்ணெயும் செலவாயின என்பது மட்டும் இந்தக் குறியீட்டில் இல்லை. அந்தக் கணக்கைக் கனடாவின் வான்கூவரில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மாத்திஸ் வாக்கர்நாகலும் 1990களில் போட்டார்கள். ஒருவர் உண்ணவும் எரிக்கவும் எத்தனை ஹெக்டேர் நிலமும் நீரும் தேவை என்று பார்ப்பது. அதற்குச் சூழலியல் காலடித்தடம் என்று பெயர்.

2006இல் உலக இயற்கை நிதியம் இரண்டு கணக்கையும் ஒரே வரைபடத்தில் வைத்தது. மேம்பாட்டுக் குறியீடு 0.8க்கு மேல் இருக்க வேண்டும், காலடித்தடம் தலைக்கு 1.8 ஹெக்டேருக்குள் அடங்க வேண்டும். தேறிய நாடு ஒன்றே ஒன்று: கியூபா.

கொண்டாடலாம்தான். ஆனால் 1991இல் சோவியத் யூனியன் உடைந்து எண்ணெய் வரத்து வற்றியபோது, கியூபாக்காரர்கள் சீன சைக்கிளை மிதித்தார்கள், டிராக்டரை விட்டு மாடு பூட்டினார்கள், அரைவயிறு உண்டார்கள். அந்தச் சிறிய காலடியில் திட்டம் எவ்வளவு, தட்டுப்பாடு எவ்வளவு என்று வரைபடம் பிரித்துச் சொல்லாது.

கோஸ்டாரிகாவின் கதை வேறு. 1948இல் ராணுவத்தைக் கலைத்த நாடு, பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் தாராளமாகச் செலவிட்டது. மாட்டுப் பண்ணைகளுக்காகக் காட்டை வெட்டித் தள்ளியதும் இதே நாடுதான். 1996இல் வந்த வனச் சட்டத்துக்குப் பின், மரங்களை வெட்டாமல் காக்கும் நிலக்காரர்களுக்கு எரிபொருள் வரியிலிருந்து பணம் போனது. இன்று நாட்டில் பாதிக்கு மேல் காடு.

2020இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமே தன் குறியீட்டைத் திருத்திப் பார்த்தது. தலைக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடுக்கும், நுகர்வுக்காகத் தோண்டியும் வெட்டியும் எடுக்கும் பொருள்களுக்கும் ஏற்ப மதிப்பெண் குறைக்கப்பட்டது. முதலிடத்து நார்வே 15 இடங்கள் இறங்கியது. கோஸ்டாரிகா 37 இடங்கள் ஏறியது. இத்தனைக்கும் நார்வேக்கு இது சலுகைக் கணக்கு: அது விற்கும் எண்ணெயின் புகை, வாங்கி எரிக்கும் நாட்டின் பேரில்தான் பதிவாகிறது. திருத்திய குறியீடோ அறிக்கையில் தனி அட்டவணையாக நிற்கிறது. முதன்மைத் தரவரிசை இன்னும் ஹக்கின் பழைய மூன்று அம்சங்களைக் கொண்டே வெளியாகிறது.