படுகளம்

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கோயில் உள்ள ஊர்களில் 'படுகளம்' என்ற சொல்லுக்கு யாரும் பொருள் கேட்பதில்லை. உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மாராகிய பொன்னரும் சங்கரும் மாளும் கட்டம் வரும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அருள் வந்து வெட்டுண்டவர்களைப் போலச் சாய்வார்கள். அவர்களை வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்துவார்கள். பாட்டில் தங்கை தங்காள் அண்ணன்மாரை எழுப்புகிறாள். இங்கும் தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவின் உயிர்நாடியே இதுதான்.

அகராதியோ 'போர்க்களம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அது போதாது. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைப் பாருங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. தொறு, அதாவது ஆநிரை, மீட்கப் போய் மாண்ட வீரனைப் 'பட்டான்' என்றே அந்தக் கற்கள் குறிக்கின்றன. அதே 'படு'தான் படுக்கையிலும் இருக்கிறது; பழந்தமிழில் ஞாயிறு மறைவதும் படுதல்தான். பட்ட ஞாயிறு மறுநாள் எழும், படுத்தவன் விடிந்தால் எழுவான். சாவைக் குறிக்கத் தமிழில் எத்தனையோ சொற்கள் உண்டு. எழுதலுக்கு இடம் வைத்திருக்கும் சொல்லாக எனக்குப் படுவது இது ஒன்றே. கொங்கு மக்கள் அந்த இடத்தை ஒரு சடங்காகவே வளர்த்தெடுத்துவிட்டார்கள்.

களமும் இரட்டைப் பொருள் கொண்டது. கதிரடிக்கும் ஏர்க்களத்தையும் தேர் ஓடிய போர்க்களத்தையும் தொல்காப்பியம் களவழியில் சேர்த்தே வைக்கிறது. கோவை, ஈரோட்டுப் பக்கம் களத்துமேடு இன்றும் புழக்கத்தில் உள்ள சொல். அண்ணன்மார் கதையும் உழவர் கதைதான். காட்டு மக்களான வேட்டுவர் பக்கத்துக் கொம்பன் என்னும் பெரும்பன்றி வெள்ளாமையை அழிக்கிறது. அதிலிருந்து மூள்கிறது பகை. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் விழாவில் களிமண்ணால் துரியோதனனைக் கிடத்திச் செய்வதும் படுகளம்தான். அங்கே விழுபவன் பகைவன், இங்கே நம்மவர்.

அண்ணன்மார் கதையைப் போல வாளும் மாயமும் கலந்த கதைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வகைப் பெயர் 1961இல்தான் அமைந்தது. ஃப்ரிட்ஸ் லைபர் முன்மொழிந்தார். அதற்கு 30 ஆண்டுகள் முன்பே அத்தகைய கதைகளை எழுதியவர் டெக்சாஸ்காரர் ராபர்ட் ஹோவர்ட். ரோமானியர் இட்ட பெயரால் அறியப்படும், ஸ்காட்லாந்தில் செதுக்கிய கற்களை விட்டுச்சென்ற பிக்ட் மக்களின் அரசனாகப் பிரான் மாக் மோர்னைப் படைத்து, அவர்கள் பக்கம் நின்று எழுதினார். வரலாற்றை எழுதியவர்கள் ரோமானியர். கதையில் நாயகர் பிக்டுகள்.

நம் கதையில் காட்டு மக்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கொங்குக் கல்வெட்டுகளில் பெயர் பெற்ற பழங்குடியினர் வேட்டுவர். ஆனால் நம்மிடம் பரவலாக வழங்கும் பாட்டு உழவர் பக்கத்துப் பாட்டு. அதில் அவர்கள் பகைவர்களாகவே வருகிறார்கள். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கிப் பாடகர் வாயிலாகக் கதையைப் பதிவு செய்தார். சக்திக்கனல் பதிப்பு 1971இல் கோவையிலிருந்து வந்தது. கலைஞர் நாவலாக்கினார், 2011இல் அது திரைப்படமும் ஆனது. அச்சுக்கும் திரைக்கும் வாள் எளிதாக வந்துவிட்டது. விழுந்தவன் எழும் அந்த மாயம் உடுக்கைக்காரர் குரலிலும் கூடியிருப்போர் உடம்பிலும்தான் இருக்கிறது. அதைப் படுகளத்தில் நின்றால்தான் உணர முடியும்.

மாயக்கதை எழுத வரும் இளம் தமிழ் எழுத்தாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டு மந்திரவாதிகளைத் தேடிப் போகுமுன் மாசியில் வீரப்பூர் போய்வாருங்கள். உடுக்கடிப் பாடகர்கள் இருக்கும்போதே அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். வேட்டுவர் குடும்பங்களில் முதியவர்களிடம் அவர்கள் வழியில் இந்தக் கதை எப்படி வழங்குகிறது என்று கேளுங்கள். அவர்கள் பக்கம் நின்று ஒரு நாவல் வரவேண்டும்.