தண்ணீரில் மூழ்கும் பஞ்சு, மிதக்கும் பஞ்சு

ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலைப் பக்கமிருந்து ராஜபாளையம் வழியாகச் சத்திரப்பட்டிக்குப் போனால் தறிச் சத்தம் கேட்கும். அங்கே பெருமளவில் நெய்யப்படுவது காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. அந்தத் துணியும் மருத்துவப் பஞ்சும் ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். செடி கொடிகளின் உடலைத் தாங்கி நிற்கும் பொருள் அது. மண்ணில் விழுந்தால் மக்கிப்போகும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்ப்போம். ஒரு கிண்ணம் தண்ணீரில் மருந்துக்கடைப் பஞ்சையும், கொட்டை நீக்கிய பச்சைப் பருத்தியையும் போடுங்கள். முன்னது சில நொடிகளில் மூழ்கும், பின்னது மிதக்கும். பருத்தி இழையின் மேல் இயற்கையான மெழுகுப் படலம் உண்டு. அது தண்ணீரை விலக்கும், எண்ணெயை இழுக்கும். காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுக்கும்போது மெழுகு நீங்கிவிடுவதால் பஞ்சு தண்ணீரைக் குடிக்கிறது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையொதுங்கிய எண்ணெயை மனிதர்கள் வாளியால் அள்ளியதை நாம் மறக்க முடியாது. அதற்கு முன்பே, 2013இல், அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் சேஷாத்ரி ராம்குமார் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தனர். ஆலைகள் தரம் குறைந்ததென ஒதுக்கும் முற்றாத பருத்தி, தன் எடையைப்போல் 30 மடங்குக்கு மேல் கச்சா எண்ணெயை ஈர்க்கிறது என்பதே அதன் முடிவு. ஆனால் எண்ணெய் ஊறிய பஞ்சு நச்சுக் கழிவு. அதைக் குப்பையோடு சேர்க்கக் கூடாது.

பாத்திரம் துலக்கும் செல்லுலோஸ் ஸ்பாஞ்சும் இந்தக் குடும்பம்தான். மரக்கூழைக் கரைத்து, அதில் சோடியம் சல்பேட் படிகங்களைக் கலந்து சூடாக்குவார்கள். படிகங்கள் கரைந்து வெளியேறிய இடமே துளைகள். தயாரிப்பில் கார்பன் டைசல்பைடு என்ற நச்சு பயன்படுவதால் தொழிலாளர் பாதுகாப்பும் கழிவுச் சுத்திகரிப்பும் அவசியம். இருந்தாலும் பிளாஸ்டிக் ஸ்பாஞ்ச் தேயத் தேய நுண்துகள்களாகச் சாக்கடைக்குப் போகிறது. செல்லுலோஸ் துகள் மக்கிவிடும்.

எனவே ஸ்பாஞ்ச் வாங்கும்போது உறையில் எதனால் செய்தது என்று பாருங்கள். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நார் கிடைத்தால் இன்னும் நல்லது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் பழைய பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள். நம் வீட்டு எண்ணெய் வாய்க்காலுக்குப் போகாமலிருக்க இவ்வளவு போதும்.