மதியத்துக் கடற்காற்றும் ஆடிக் காற்றும்

பருவக்காற்று என்பது பெரிய அளவில் வீசும் கடற்காற்று என்றுதான் பள்ளியில் பலரும் படித்திருப்போம். 1686-இல் எட்மண்ட் ஹாலி கடல்வழிக் காற்றுகளை வரைபடமாக்கி, நிலமும் கடலும் ஒரே அளவில் சூடாகாததைக் காரணமாகக் காட்டினார். அந்த விளக்கம் இன்றுவரை பாடநூல்களில் நிலைத்துவிட்டது. சென்னைக் கரையில் மதியம் புகும் கடற்காற்றையும், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அது பாதிவரைதான் பொருந்துகிறது.

பொருந்தும் பாதியை முதலில் பார்ப்போம். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 ஜூல் தேவை. உலர்ந்த மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். வெயிலும் மணலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. கடலிலோ பல மீட்டர் ஆழம் இறங்குகிறது, அலைகள் அதைக் கலக்கிவிடுகின்றன. ஆகவே காலை பத்து மணிக்கெல்லாம் கரை கொதிக்கத் தொடங்கும்போது கடல் அப்படியே இருக்கிறது. சூடான காற்று மேலே போய்விட, காலியான இடத்தை நிரப்பக் குளிர்காற்று ஓடிவருகிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் முதல் அசைவு உயரத்தில் நிகழ்கிறது. சூடான காற்றுத் தூண் விரிந்து உயர்வதால், மேலடுக்கில் நிலத்தின் பக்கம் அழுத்தம் கூடி, அங்கிருந்து காற்று கடலை நோக்கி வழிகிறது. அவ்வளவு எடை குறைந்ததால்தான் தரையில் அழுத்தம் இறங்குகிறது. பிறகே கீழே கடற்காற்று புறப்படுகிறது. இரண்டு காற்றுக்கும் தொடக்கம் இதுதான்.

அளவுகளை ஒப்பிட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கடற்காற்றைத் தள்ளும் அழுத்த வேறுபாடு சுமார் 1 ஹெக்டோபாஸ்கல்தான். ஆனால் அது சில பத்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பருவக்காற்றுக்கோ மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள மாஸ்கரீன் உயரழுத்தத்துக்கும் ராஜஸ்தான், பாகிஸ்தான் மேலுள்ள தாழ்வழுத்தத்துக்கும் இடையே சுமார் 30 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு, பல ஆயிரம் கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பார்த்தால் கடற்காற்றின் சரிவே செங்குத்தானது. பருவக்காற்றின் வலிமை அந்தச் சரிவில் இல்லை. எடுத்துக்கொள்ளும் தூரத்திலும் நாட்களிலும் இருக்கிறது.

தூரம் நீண்டால் புவிச்சுழற்சி தலையிடும். கடற்காற்றுக்கு ஆயுள் ஏழெட்டு மணி நேரம். சென்னை போல நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊரில் அது பெரிதாகத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தெற்கு அரைக்கோளத்தில் தென்கிழக்காகப் புறப்படும் பருவக்காற்றோ நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்புறம் வளைந்து தென்மேற்காகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலைகள் அதைத் தடுத்து ஒடுக்க, சோமாலியாக் கரையோரம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் அது வேகமான ஓடையாகிறது. இதை 1960-களின் இறுதியில் விரிவாக ஆராய்ந்த வானிலையாளர் பிண்ட்லேட்டரின் பெயரிலேயே அந்த ஓடை இன்றும் அறியப்படுகிறது.

இவையெல்லாம் அளவு வேறுபாடுகள் என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. நிலத்தின் சூடு மட்டுமே காரணம் என்றால் காற்று மே மாதத்தில்தான் உச்சத்தைத் தொட வேண்டும். இந்திய நிலம் அப்போதுதான் அதிகம் தகிக்கிறது. ஆனால் பருவக்காற்றின் உச்சம், மழையால் நிலம் குளிர்ந்துவிட்ட ஜூலையில் வருகிறது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் நிலம் கூடுதலாகவே சூடாகிறது, பருவமழையோ மெலிகிறது. வானிலையாளர் ஜார்ஜ் சிம்சன் 1921-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். வானிலையாளர் சுலோச்சனா காட்கில் 2018-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, பருவமழை கடற்காற்று வகையா, இரு அரைக்கோளக் காற்றுகளும் வந்து சேரும் வெப்பமண்டலக் குவிமண்டலத்தின் நகர்வா என்று கேட்டு, இரண்டாவதன் பக்கம் நின்றார். அவர் வாதமே எனக்கு ஏற்புடையது.

மேகத்தை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மேகம் மூடினால் கரை சூடாகாது, கடற்காற்று தளர்ந்துவிடும். பருவக்காற்றுக்கு மேகமே உணவு. ஒரு கிலோ நீராவி மழையாகக் குளிரும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு நாளில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் மூன்று 100 வாட் பல்புகள் இரவும் பகலும் எரியும் அளவு வெப்பம் வானத்துக்குப் போகிறது. அந்தச் சூடு மேலடுக்கை விரிக்க, தரையில் அழுத்தம் இன்னும் இறங்க, மேலும் ஈரக்காற்று வருகிறது. பகல் வெயில் தொடங்கிவைப்பது கடற்காற்று. பருவக்காற்று தன் மழையாலேயே தன்னை நடத்திக்கொள்கிறது.

இரண்டும் நேருக்கு நேர் மோதும் ஊர் சென்னை. ஜூனில் மலையைத் தாண்டி வரும் பருவக்காற்று, ஈரத்தைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, வறண்ட மேற்குக் காற்றாக இங்கே வருகிறது. கிழக்கிலிருந்து கடற்காற்று நுழைய வேண்டும். மேற்குக் காற்று தளர்ந்த நாளில் நண்பகலுக்கு முன்பே கொடிகள் மேற்கு நோக்கிப் பறக்கத் தொடங்கும். வெப்பமானி அதற்கு மேல் ஏறாது, தோலில் பிசுபிசுப்பு ஏறும். மேற்குக் காற்று வலுத்த நாளில் கடற்காற்று மூன்று மணிவரை கரையிலேயே காத்து நிற்கும். வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். 2003 மே 31-இல் நகரம் 45 டிகிரியில் வெந்தது. கடற்காற்று கடைசியில் உள்ளே வந்ததும் இரண்டும் முட்டும் கோட்டில் காற்று மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. மாலையில் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் இடிமேகம் திரள்வதும், ராத்திரியில் நகரத்தில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்ப்பதும் பல நாட்களில் இப்படித்தான். சென்னையின் ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை விழுகிறது. அதில் பெரும்பகுதிக்கு இந்த இரண்டு காற்றும் சேர்ந்தே பொறுப்பு.