புல்லுவிளையிலிருந்து சேப்பாக்கம் வரை: சஞ்சு சாம்சனின் ஆட்டவாழ்வும் தென்திருவிதாங்கூர்க் கடற்கரையும்

களியக்காவிளையைக் கடந்து வடக்கே போனால் முதலில் பாறசாலை, பிறகு நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த எல்லைப் போராட்டம் கேட்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. எல்லைக்கோடு சாலையில் தெளிவாகத் தெரியும். கடற்கரையில் அவ்வளவு தெளிவில்லை. தமிழ்நாட்டின் கடைசி மீனவக் கிராமமான நீரோடியும் கேரளத்தின் பொழியூரும் ஒட்டிக் கிடக்கின்றன. இரு பக்கமும் ஒரே தொழில், ஒரே கத்தோலிக்க மரபு. 1544இன் இறுதியில் பிரான்சிஸ் சேவியர் நடந்து திருமுழுக்குக் கொடுத்த கரைதான் பூவார் முதல் பள்ளம் வரையிலான இந்தக் கரை. பேச்சிலும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும்.

பூவாருக்கு வடக்கே, விழிஞ்ஞத்துக்குத் தெற்கே இருப்பது புல்லுவிளை. 1994 நவம்பர் 11 அன்று சஞ்சு விஸ்வநாத் சாம்சன் பிறந்தது இங்கே. இந்தியாவுக்காக மூன்று டி20 சதங்களும் ஒரு ஒருநாள் சதமும் அடித்த இவரைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. மீனவக் கிராமத்துப் பையன் தன் திறமையால் மட்டுமே மேலே வந்தான் என்பது ஒன்று. மலையாளி என்பதாலேயே புறக்கணிக்கப்பட்டான் என்பது மற்றொன்று. இரண்டும் மனதுக்குப் பிடித்த கதைகள். ஆனால் ஆண்டுகளையும் ஆட்டங்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் இரண்டும் நிற்கவில்லை. நிற்பது வேறொன்று: அடுத்த ஆட்டத்திலும் தனக்கு இடமுண்டு என்ற உறுதி கிடைத்த காலங்களில் அவர் வளர்ந்திருக்கிறார், அது கிடைக்காத காலங்களில் தேங்கியிருக்கிறார். 2025 இறுதி வரையிலான அவரது ஆட்டவாழ்வை அந்த நோக்கில் தொடர்வதே இக்கட்டுரை.

கால்பந்துக் கரை

இந்தக் கரையின் விளையாட்டு கிரிக்கெட் அல்ல, கால்பந்து. பொழியூரும் தமிழ்நாட்டுப் பக்கத்துத் தூத்தூரும் தத்தம் மாநிலத்தின் சந்தோஷ் டிராபி அணிகளுக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிய ஊர்கள். காரணம் எளிது. கால்பந்துக்கு ஈர மணலும் ஒரு பந்தும் போதும். வலை இழுத்து முடித்த கையோடு ஆடலாம். கிரிக்கெட் பந்து மணலில் எழும்பாது. உருட்டிக் கெட்டிப்படுத்திய பிட்ச் வேண்டும், மட்டை, பேட், கையுறை வேண்டும், நாள் முழுக்க நிற்கும் ஓய்வு வேண்டும். கடலுக்குப் போகும் வீட்டில் இவற்றில் எது இருக்கும்?

அதனால் இந்தக் கரையில் பிறந்த ஒருவர் கிரிக்கெட்டுக்குப் போக, கரையை விட்டு வெளியே ஒரு வழி வேண்டியிருந்தது. சாம்சன் குடும்பத்தில் அந்த வழியைத் திறந்ததும் கால்பந்துதான். தந்தை சாம்சன் விஸ்வநாத் கால்பந்து ஆட்டக்காரர், சந்தோஷ் டிராபியில் டெல்லிக்காக ஆடியவர், டெல்லி காவல்துறையில் காவலர். பிள்ளைகள் வளர்ந்தது வடக்கு டெல்லியின் ஜி.டி.பி. நகர்க் காவலர் குடியிருப்பில். தெருவும் மைதானமும் பயிற்சியாளரும் எட்டும் தூரத்தில் இருந்த நகரம் அது. மூத்தவர் சாலியும் இளையவர் சஞ்சுவும் மட்டையைப் பிடித்தது அங்கே.

இதற்கு இணையான ஒரு முன்னுதாரணம் கேரளத்தில் உண்டு. கேரள ரஞ்சி அணியிலிருந்து இந்திய டெஸ்ட் அணிக்குப் போன முதல் ஆள் டினு யோகன்னான். 2001 டிசம்பரில் மொகாலியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடினார். அவருடைய தந்தை டி.சி. யோகன்னான் 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 8.07 மீட்டர் நீளம் தாண்டித் தங்கம் வென்றவர். நீளம் தாண்டியவரின் மகன் வேகப்பந்து வீச்சாளர், கால்பந்தாடியவரின் மகன் பேட்ஸ்மேன். கிரிக்கெட் மரபு மெலிந்த மாநிலத்தில், வேறொரு விளையாட்டால் அரசு வேலையும் உடல்பயிற்சியின் ஒழுங்கும் பெற்ற வீடுகள்தான் கிரிக்கெட்டுக்கு விதை போட்டிருக்கின்றன. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வந்த முடிவு

டெல்லியின் 13 வயதுக்குட்பட்டோர் அணியில், துருவ் பாண்டவ் கோப்பைக்கான தேர்வில், சஞ்சுவுக்கு இடம் கிடைக்கவில்லை. தந்தை விருப்ப ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு திருவனந்தபுரம் திரும்பினார். சம்பளம் வரும் வேலையை விட்டு, இரண்டு பையன்களின் ஆட்டத்தை நம்பி ஒரு காவலர் எடுத்த முடிவு இது. இந்த வரலாற்றில் மிகக் கனமான நிகழ்வு எது என்று கேட்டால் எந்தச் சதத்தையும் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அந்த முடிவில் ஒரு தெளிவான கணக்கும் இருந்தது. டெல்லி பலமான அணி. வாசலில் கூட்டம் அதிகம். கேரளம் அப்போது பலவீனமான அணி. திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரில் 1951-52இல் ரஞ்சிக்குள் வந்ததிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆடியும் காலிறுதியைக் காணாத அணி. பலவீனமான அணிக்கு ஒரு குணம் உண்டு: நன்றாக ஆடும் சிறுவனை அது காத்திருக்க வைக்காது. தென்மண்டல 13 வயதுக்குட்பட்டோர் தொடரில் கேரளத்துக்காக 9 இன்னிங்ஸில் 973 ரன் எடுத்தார் சஞ்சு. புனித ஜோசப் பள்ளியில் படிப்பு, மருத்துவக் கல்லூரி மைதானத்தில் பிஜு ஜார்ஜிடம் பயிற்சி. இந்தப் பயிற்சியாளர் பின்னாளில் இந்திய மகளிர் அணிக்கு ஃபீல்டிங் பயிற்சியும் அளித்தார். 2011 நவம்பர் 3 அன்று விதர்பாவுக்கு எதிராக சஞ்சு ரஞ்சியில் அறிமுகமானபோது 17 வயது நிறைய இன்னும் 8 நாள் இருந்தது. டெல்லியில் இருந்திருந்தால் அந்த வயதில் ரஞ்சித் தொப்பி கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றே கருதுகிறேன்.

கல்லூரிப் படிப்பு மார் இவானியோஸில், ஆங்கில இலக்கியம். அதற்குள் ஐ.பி.எல். வந்துவிட்டது. கேரளத்துக்கென்று இருந்த கொச்சி டஸ்கர்ஸ் 2011இல் ஒரே ஒரு பருவம் ஆடிக் கலைந்துபோனது. ஆகவே இவர் வெளிமாநில அணிகளையே நாட வேண்டியிருந்தது. 2012இல் கொல்கத்தா அணியில் ஆடாமலே உட்கார்ந்தார். பிறகு ஸ்ரீசாந்தின் பரிந்துரையில் ராஜஸ்தான் ராயல்ஸின் தேர்வுப் பயிற்சிக்குப் போனார். ராகுல் டிராவிட் பார்த்தார், எடுத்துக்கொண்டார். 2013 ஏப்ரல் 14 அன்று முதல் ஆட்டம். அதே மாதத்தில் பெங்களூருக்கு எதிராக 63 ரன். அன்றைய நிலையில் ஐ.பி.எல்.லில் அரைச்சதம் அடித்த மிக இளையவர் அவர்தான். பருவ முடிவில் சிறந்த இளம் வீரர் விருதும் கிடைத்தது. 2014 இளையோர் உலகக் கோப்பையில் இந்திய அணியின் துணைத் தலைவர்.

73 ஆட்டங்கள்

2014 ஆகஸ்டில் இங்கிலாந்து தொடருக்கான இந்திய அணியில் பெயர் வந்தது, ஆட்டம் வரவில்லை. 2015 ஜூலை 19 அன்று ஹராரேயில் ஜிம்பாப்வேக்கு எதிராக முதல் டி20 ஆடி 19 ரன் எடுத்தார். அதற்கடுத்த ஆட்டம் 2020 ஜனவரி 10, புனே, இலங்கைக்கு எதிராக. இடையில் இந்தியா ஆடிய 73 டி20 ஆட்டங்களில் அவர் இல்லை. திரும்பி வந்து சந்தித்த முதல் பந்தில் சிக்ஸர், இரண்டாம் பந்தில் அவுட். அந்த அவசரத்தில் நாலரை ஆண்டுக் காத்திருப்பு தெரிகிறது.

புறக்கணிப்புக் கதை பிறப்பது இங்கேதான். ஆனால் அவர் விக்கெட் கீப்பர். அந்த வேலைக்கு அணியில் ஒரே ஓர் இடம். தோனி 2019 வரை இருந்தார். தினேஷ் கார்த்திக், ரிஷப் பந்த், கே.எல். ராகுல், இஷான் கிஷன் என்று வரிசை நீண்டது. அணித்தேர்வு பிறந்த ஊரைப் பார்த்து நடந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் தேர்வுக்குழுக்களின் மீது இன்னொரு குற்றம் உண்டு, அது சான்றுள்ளது: அவருக்குத் தொடர்ச்சி தரவில்லை. ஒருநாள் ஆட்டங்களில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. 2021 ஜூலையில் கொழும்பில் அறிமுகம், 46 ரன். 2023 டிசம்பர் 21 அன்று பார்லில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 108. அத்தோடு 16 ஆட்டங்கள், 510 ரன், சராசரி 56.66. சதமடித்த அந்த ஆட்டத்துக்குப் பிறகு 2025 முடியும் வரை இன்னொரு ஒருநாள் ஆட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த எண்களை வைத்துக்கொண்டு அந்த முடிவை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டுகளில் அவருக்கு உறுதியான இடம் இரண்டு இருந்தன, கேரளமும் ராஜஸ்தானும். 2019 அக்டோபர் 12 அன்று விஜய் ஹசாரே தொடரில் கோவாவுக்கு எதிராக 129 பந்தில் 212 ரன், ஆட்டமிழக்காமல். சச்சின் பேபியோடு சேர்த்த கூட்டு 338. ராஜஸ்தான் 2021இல் அவரிடம் தலைமையைக் கொடுத்தது. தலைவராக முதல் ஆட்டத்திலேயே பஞ்சாபுக்கு எதிராக 119 ரன், ஐ.பி.எல்.லில் தலைமை ஏற்ற முதல் ஆட்டத்தில் சதமடித்த முதல் ஆள். அந்த ஆட்டத்தில் 4 ரன்னில் தோற்றார்கள் என்பது வேறு. 2022இல் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டு போனார்.

2024 டி20 உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ரோகித்தும் கோலியும் டி20யிலிருந்து ஓய்வு பெற்றதும் தொடக்க வரிசையில் இடம் திறந்தது. அடுத்த 7 ஆட்டங்களிலும் நீதான் தொடக்க வீரர் என்று கேப்டன் சூர்யகுமார் யாதவ் முன்கூட்டியே சொல்லிவிட்டதாக சஞ்சுவே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அக்டோபர் 12 அன்று ஹைதராபாத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 47 பந்தில் 111. ரிஷாத் ஹொசைனின் ஒரே ஓவரில் 5 சிக்ஸர். நவம்பர் 8 அன்று டர்பனில் 107. தொடர்ந்து இரு டி20 ஆட்டங்களில் சதமடித்த முதல் இந்தியர் ஆனார். அடுத்த இரண்டு ஆட்டங்களில் இரண்டு பூஜ்ஜியம். பழைய நிலைமை என்றால் அந்த இரண்டு பூஜ்ஜியங்கள் அவரை வெளியே அனுப்பியிருக்கும். இம்முறை அனுப்பவில்லை. நவம்பர் 15 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 109. என் வாதத்துக்கு இந்த 5 வாரங்களை விட நல்ல சான்று வேண்டியதில்லை.

மாறிய கேரளம்

பலவீனமாக இருந்ததால் அவருக்கு வாசல் திறந்த கேரளம் பலவீனமாகவே நின்றுவிடவில்லை. 2017-18இல் முதல் முறையாக ரஞ்சி காலிறுதி, அடுத்த பருவம் அரையிறுதி, 2024-25இல் இறுதிப் போட்டி. நாக்பூரில் விதர்பாவுடன் ஆட்டம் டிராவில் முடிந்தது, முதல் இன்னிங்ஸில் விதர்பா பெற்ற முன்னிலையால் கோப்பை நழுவியது. கேப்டன் சச்சின் பேபி 98இல் அவுட்டானது இன்னும் பலருக்கு ஆறாத வலி. விரல் முறிந்திருந்த சஞ்சு அந்த ஆட்டத்தில் இல்லை; பெரும்பாலும் அவர் இல்லாமலே கேரளம் அதுவரை வந்திருந்தது. 2025 கேரள கிரிக்கெட் லீக்கில் கொச்சி புளூ டைகர்ஸ் அவரை 26.80 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்த அணியின் கேப்டன் அண்ணன் சாலி. ஜி.டி.பி. நகர்க் குடியிருப்பில் சேர்ந்து ஆடத் தொடங்கியவர்கள் ஒரே அணிக்கு ஆடினார்கள். அணி கோப்பையும் வென்றது.

அதே ஆண்டு ஆசியக் கோப்பையில் சுப்மன் கில் தொடக்க வீரராகத் திரும்பியதும் சஞ்சு நடுவரிசைக்குத் தள்ளப்பட்டார். செப்டம்பர் 28 அன்று துபாயில் பாகிஸ்தானுக்கு எதிரான இறுதியில் இந்தியா 3 விக்கெட்டுக்கு 20 ரன் என்று தடுமாறியபோது திலக் வர்மாவோடு 57 ரன் சேர்த்தார். அவர் எடுத்தது 24தான். ஆட்டத்தை நிறுத்திப் பிடித்த 24.

நவம்பர் 15 அன்று ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை 18 கோடி ரூபாய்க்குப் பெற்றது. 1956இல் கோட்டுக்கு வடக்கே நின்ற தாலுகாவில் பிறந்தவர் இப்போது சேப்பாக்கத்து ஆட்டக்காரர்.

இந்த ஆய்வில் கையில் கிடைக்கும் சான்றுகள் டெல்லி, திருவனந்தபுரம், ஜெய்ப்பூர் என்று நகரங்களில் இருக்கின்றன. அவரது தந்தையை உருவாக்கிய கரைக் கால்பந்தின் சான்றுகள் வேறிடத்தில் இருக்கின்றன: பங்குத் திருவிழாப் போட்டிகளின் நோட்டீஸ், மன்றச் சுவரில் மங்கிப்போன அணிப் புகைப்படம், பழைய ஆட்டக்காரர்களின் நினைவு. மாநில எல்லை குறுக்கே விழுந்ததால் நீரோடியின் ஆட்டம் ஒரு மாநிலத்துக் கணக்கிலும் பொழியூரின் ஆட்டம் இன்னொரு மாநிலத்துக் கணக்கிலும் பிரிந்து கிடக்கிறது. சாம்சன் விஸ்வநாத்தின் தலைமுறைக் கால்பந்தாட்டக்காரர்கள் பலர் இன்னும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். விளையாட்டு வரலாறு படிக்கும் மாணவர்கள், குமரியிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும், அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டும். தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே தொடங்குங்கள்.