வடசேரியும் தென்சேரியும்: மட்டக்களப்புக் கொம்பு விளையாட்டில் இரு கட்சிகளின் தோற்றம்

கொம்பு விளையாட்டு, அல்லது கொம்பு முறிப்பு, மட்டக்களப்புத் தமிழர் கண்ணகி அம்மனுக்காக நடத்திவந்த சடங்கு. ஊரார் இரண்டுபட்டு நின்று ஆடிய போட்டியும் அதுவே. ஊர் வடசேரி, தென்சேரி எனப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த, வைரம் பாய்ந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவ வைத்து இறுக்கிக் கட்டி, வடம் பூட்டி இழுப்பார்கள். எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்ற கொம்பு ஏடகத்தில் ஏறி ஊர்வலம் போகும். தோற்றவர்கள் எதிர்ச்சேரியின் வசைப்பாட்டைக் கேட்டு நிற்க வேண்டும். மழை பொய்த்த காலத்திலும் அம்மையும் கொள்ளைநோயும் பரவிய காலத்திலும் இது ஆடப்பட்டது. விளையாட்டின் பொது விவரங்களை வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) நூலில் காணலாம். இங்கே ஆராயப்படுவது ஒரே கேள்வி: இரு கட்சிகள் எங்கிருந்து வந்தன?

இக்கேள்விக்கு இன்றுவரை செல்வாக்குடன் நிற்கும் விடை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகரவுடையது. கண்ணகியின் சிங்கள வடிவான பத்தினித் தெய்வத்தின் வழிபாடு பற்றி அவர் எழுதி 1984இல் சிகாகோவில் வெளியான பெருநூல், சிங்களவர் ‘அங்கெலிய’ என்று அழைக்கும் இதே விளையாட்டை உளப்பகுப்பாய்வு வழியில் விளக்குகிறது. கொளுவிக்கிடக்கும் கொம்புகள் புணர்ச்சியின் குறியீடு. முறிவு ஆண்மை இழப்பைப் பற்றிய அச்சம். வசைப்பாட்டு, அடக்கி வைத்த உணர்ச்சி வெளியேறும் வடிகால். சமூகப் பூசலும் ஒத்துழைப்பும் இவ்விளையாட்டில் வகிக்கும் இடத்தை அவர் மறக்கவில்லை. ஆயினும் இறுதி விளக்கம் மனத்தின் ஆழத்திலிருந்தே வருகிறது. பத்தினி வழிபாட்டை அவர் அளவுக்குத் தேடித் தொகுத்தவர் வேறொருவர் இல்லை. அதனாலேயே அவருடைய விளக்கம் மட்டக்களப்புக்கும் அப்படியே பொருந்தும் என்ற எண்ணம் பரவிவிட்டது. அந்த எண்ணத்தைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது.

அவருடைய முதன்மைச் சான்றுகள் சிங்களக் கிராமங்களிலிருந்து வந்தவை. அங்கே கட்சிகளின் பெயர் உடுபில, யட்டிபில. அதாவது மேற்கட்சி, கீழ்க்கட்சி. தோற்றக் கதையும் இதற்கு இசைவாகவே சொல்லப்படுகிறது. பத்தினியும் அவள் கணவன் பாலங்கவும் (தமிழில் கோவலன்) கொக்கிக் கோல்களால் சண்பகப் பூப் பறிக்கிறார்கள். பாலங்க மரத்தின் மேலே, பத்தினி கீழே. கோல்கள் சிக்குகின்றன, ஆட்களைத் துணைக்கழைத்து இருவரும் இழுக்கிறார்கள், பத்தினி வெல்கிறாள். ஆண் மேலே, பெண் கீழே என்ற இந்த அமைப்பு பாலியல் விளக்கத்துக்கு எளிதில் இடங்கொடுக்கிறது. மட்டக்களப்பிலும் பூப்பறிக்கும் கதையும் சிக்கிய கோலும் கண்ணகியின் வெற்றியும் உண்டு. ஆனால் கட்சிகள் மேல், கீழ் எனப் பெயர் பெறவில்லை; வடக்கு, தெற்கு என்றே பெயர் பெற்றன. கதை ஒன்றாயிருக்கப் பிரிவு மட்டும் வேறாயிருப்பதால், பிரிவு கதைக்குள்ளிருந்து பிறந்தது என்று கொள்வது கடினம். ஊரில் ஏற்கெனவே இருந்த பிரிவுக்குக் கதை பின்னர் பொருத்தப்பட்டது என்று கொள்வதே எளிது.

சிங்களப் பெயர்களும் இதையே காட்டுகின்றன. உட, யட்டி என்ற இணை கண்டிப் பகுதியில் நிலத்தைப் பகுக்கும் வழக்கமான முறை. கண்டியை ஒட்டிய உடுநுவர, யட்டிநுவர என்னும் பிரிவுகளே போதிய சான்று. மலைநாட்டில் ஊர் சரிவில் கிடக்கும். அதை இரண்டாக்கினால் மேலூர், கீழூர் என்றுதான் பிரியும். அங்கே இயல்பாயிருந்த நிலப்பகுப்பு கட்சிப் பெயராகி, பின்பு கதைக்குள் ஏறிப் பாலங்கவை மரத்தின் மேல் ஏற்றியிருக்கலாம். ஒபயசேகர இந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கிறார்.

மட்டக்களப்பு வாவிக்கரையின் நிலம் வேறு வகை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்தில் வடக்குத் தெற்காகக் கிடக்கும் வாவி, நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாக்குகிறது. இப்பகுதி மக்கள் வாழ்வில் மிகப் பெரிய பகுப்பு இந்தக் கிழக்கு மேற்குப் பகுப்பே: ஒருபுறம் கடலோரக் குடியிருப்பும் தென்னந்தோப்பும், மறுபுறம் வயலும் மேய்ச்சலும். கட்சிகள் ஊர்ப்பகுப்பைத் தழுவுவதானால் எழுவான், படுவான் என்ற பெயர்களை ஏன் பெறவில்லை என்று கேட்கலாம். விடை எழுவான்கரை ஊர்களின் அமைப்பிலேயே இருக்கிறது. செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை போன்ற ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவே ஒடுங்கிய மணல்நிலம். ஒவ்வோர் ஊரும் கடலிலிருந்து வாவிவரை குறுக்கே கிடக்கிறது. அத்தகைய ஊரைக் கிழக்கு மேற்காகப் பிளந்தால் ஒரு பாதிக்குக் கடலும் மறு பாதிக்கு வாவியும் இல்லாமற் போகும். வடக்குத் தெற்காகப் பிரித்தால்தான் இரு பாதிக்கும் இரண்டும் கிட்டும். போட்டிக்கு வேண்டியதும் சமமான இரு தரப்புகளே. வடசேரி, தென்சேரி என்ற பகுப்பு ஊருக்குள் பிறந்தது என்பதையும், இத்தகைய ஒடுங்கிய நிலத்தில் பிறந்தது என்பதையும் இது சேர்த்துக் காட்டுகிறது.

இதற்குத் துணையாக நிற்கும் சான்று ஓர் இடப்பெயர். தேற்றாத்தீவில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குக் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில் என்று பெயர். கோயில் கண்ணகியினுடையதன்று, ஆனால் இடம் கொம்பின் பெயரைத் தாங்கியிருக்கிறது. கொம்பு முறித்த இடம் அம்மன் கோயில் வீதி மட்டும்தான் என்றால் இப்படியொரு பெயர் தனியே ஏற்பட வேண்டியதில்லை. சந்தி, ஊரின் பகுதிகள் வந்து கூடுமிடம். இரு சேரியாரும் எதிரெதிரே நின்று கொம்பு கொளுவ ஏற்ற இடமும் அதுவே. சந்தி தோறும் பிள்ளையாரை அமர்த்துவது தமிழர் வழக்கம் என்பதால், விளையாட்டு முந்தியது, கோயில் பிந்தியது என்று கருத இடமுண்டு. ஒரே பெயரை வைத்து எழுப்பும் வாதம் இது என்பது உண்மையே. பெயர் எந்த நூற்றாண்டில் வழங்கத் தொடங்கியது என்பதை அது சொல்லாது. எனினும் ஊர்ப்பகுப்பின் எல்லையில் விளையாட்டு நடந்தது என்ற கருத்தோடு அது நன்கு இயைகிறது. மன அச்சத்தின் குறியீடு என்ற விளக்கம் அப்பெயர்மீது எந்த ஒளியும் பாய்ச்சுவதில்லை.

கொம்பையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முறிவு தோள்வலியை மட்டும் பொறுத்ததன்று. காட்டில் எந்த மரத்தை, எந்த வளைவில் தேர்ந்தார்கள், நார் எங்கே ஓடுகிறது, கொளுவும் இடம் எங்கே விழுகிறது, கட்டு எவ்வளவு இறுக்கம் என்பவற்றால் போட்டியின் பெரும்பகுதி இழுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மரமறிந்தவரும் கட்டறிந்தவரும் சேரிக்குப் பெருமை சேர்ப்பவர்கள். தொழில் நுட்பம் இத்தனை தூரம் ஊடாடும் ஒரு செயலில் முறிவை உடனே உடலுறுப்பின் குறியீடாக்குவது, ஆடியவர்கள் எதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்பதைக் கேளாமல் விடுவதாகும்.

ஒபயசேகரவின் பக்கம் வலுவான சான்று ஒன்று உண்டு; அதை ஒதுக்கிவிட முடியாது. கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், பத்தினித் தெய்வத்துக்காக இரு கூட்டத்தார் வளைந்த கோல்களைக் கொளுவி இழுக்கும் ஆட்டத்தை விவரிக்கிறார். அதன் ஆபாசம் கருதி அரசன் அதைத் தடைசெய்து தண்டம் விதித்ததையும் குறிப்பிடுகிறார். ஆகவே வசையும் ஆபாசமும் பிற்காலச் சேர்க்கை அல்ல. குறைந்தது 17ஆம் நூற்றாண்டளவுக்கு அவை பழையவை. ஆயினும் இச்சான்று நிறுவுவது வசையின் தொன்மையை மட்டுமே. வசை எப்படித் தோன்றியது என்பது வேறு, கட்சி எப்படித் தோன்றியது என்பது வேறு. முதலாவதற்கு உளவியல் விளக்கம் ஓரளவு பொருந்தலாம். இரண்டாவதற்கு அது தேவைப்படவில்லை.

ஊரை இரண்டாக்கி மோதவிடும் வழக்கம் கண்ணகிக்கோ பத்தினிக்கோ மட்டும் உரியதும் அல்ல. ஸ்கொட்லாந்தின் தென் எல்லைப்புறத்தில் உள்ள ஜெட்பரோ நகரில் ஆண்டுதோறும் மாசி மாத அளவில் நடக்கும், கையால் ஆடும் பந்து மோதலில், சந்தைச் சிலுவைக்கு மேற்புறம் பிறந்தவர்கள் மேலூரார், கீழ்ப்புறம் பிறந்தவர்கள் கீழூரார். உடுபில, யட்டிபில என்பவற்றின் சரிநேர் வடிவம் இது. அங்கே சண்பக மரமும் இல்லை, மரத்தின் மேல் நிற்கும் கணவனும் இல்லை. பிறந்த இடமே கட்சியை முடிவுசெய்கிறது.

ஊரோடு பிணைந்த இம்மோதலுக்கு மாறாக, எங்கும் பெயர்ந்து செல்லக்கூடிய ஆட்டம் ஒன்றும் அதே எல்லைப்புறத்தில் பிறந்தது. அங்குள்ள மெல்ரோஸ் ஊரில்தான் 1883இல் நெட் ஹேக் என்ற இறைச்சிக்கடைப் பணியாளரின் யோசனைப்படி, கழகத்துக்கு நிதி திரட்ட, அணிக்கு எழுவர் கொண்ட றக்பி முதன்முதலில் ஆடப்பட்டது. ஆள் குறைந்தது, நேரம் குறைந்தது. பல அணிகள் ஒரே நாளில் மோதி முடிக்க முடிந்தது. 1973இல் எடின்பரோவின் மறேபீல்டில் நாடுகளுக்கிடையிலான எழுவர் போட்டி நடந்தது. 1976இல் தொடங்கிய ஹொங்கொங் போட்டியின் முதலாண்டிலேயே இலங்கை அணியும் ஆடியது. 1993இல் வந்த உலகக் கிண்ணத்துக்கு மெல்ரோஸ் என்றே பெயர் வைத்தார்கள். இலங்கையில் றக்பி 1879இன் கொழும்புக் கழகத்திலும் 1891இல் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியிலும் வேரூன்றி, தோட்டத்துரைமாரின் கழகங்கள் வழியே மலைநாட்டில் பரவியது. நாடுகள் மோதும் எழுவர் போட்டிகளும் கண்டியிலும் கொழும்பிலும் நடந்துள்ளன. வாவிக்கரைக்கு இந்த ஓட்டம் பெரிதாக வந்து சேராததற்கு அணியாக ஆடும் மரபு இல்லாமை காரணமன்று. கழகத்தில் யாரும் சேரலாம், எந்த ஊருக்கும் போய் யாரோடும் ஆடலாம். சேரியோ பிறப்போடு வருவது. எதிர்ச்சேரி இல்லாத ஊரில் ஒரு சேரி ஆட முடியாது. அம்மனின் காலம் வராமல் கொம்பு எடுக்கவும் முடியாது. ஊரை விட்டுப் பெயர முடியாத இந்தத் தன்மையே கட்சிகள் ஊர்நிலத்தில் பிறந்தன என்பதற்கு மற்றொரு சான்று.

தீராத சிக்கல்கள் இரண்டு. சேரி உரிமை பரம்பரையாக வருவது; மட்டக்களப்பிலோ மணமான ஆண் மனைவி வீட்டில் குடியேறுவது வழக்கம். எனவே வடசேரியான் ஒருவன் தெற்குப் பாதியில் வாழ்வது சாதாரணம். பெயரும் இருப்பிடமும் ஒத்திருந்த காலம் ஒன்று இருந்திருந்தால் அது மிகவும் முற்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டாவது, கடல் எல்லை இல்லாத படுவான்கரை ஊர்களிலும் இதே பெயர்கள் வழங்குகின்றன. கண்ணகி வழிபாட்டோடு பெயர்களும் எழுவான்கரையிலிருந்து வாவி கடந்து சென்றன என்பது பொருத்தமான விளக்கம். ஆனால் படுவான்கரைக் கோயில்கள் சில எழுவான்கரைக் கோயில்களுக்கு முந்தியவை என்று ஊர் வழக்குகள் கூறுவதால், எத்திசையிலிருந்து எத்திசைக்கு அவை சென்றன என்பதைக் கோயில் வரலாறுகளைத் தனித்தனியே ஒப்பிட்ட பின்னரே முடிவுசெய்ய இயலும்.