பொதுமைகள்: பொருளிலிருந்து சொல்லுக்கு

‘மனிதன்’ எனும் சொல் சோக்கிரட்டீசையும் பிளேற்றோவையும் ஒருங்கே சுட்டுகின்றது. இருவர்க்கும் பொதுவான மனிதத்தன்மை உலகில் உளதா, அன்றி உள்ளத்தில் மட்டுமே உளதா? கி.பி. 3ஆம் நூற்றாண்டில் இப் பௌதிகவதீத வினாவை எழுப்பிய போர்பிரி, அதன் ஆழங்கருதி விடை கூறாது விடுத்தார். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயெத்தியஸ் அவரது நூலை இலத்தீனிற் பெயர்த்து உரைவகுத்தமையால், அவ்வினா மத்தியகால ஐரோப்பாவை அடைந்தது. பொதுமை பொருளன்று, பொருளுணர்த்தும் சொல்லே என ஆங்கு வாதிட்டவர் அபெலாட் (1079–1142).

பொதுமை சொல்லேயாயின், மொழிகள் வேறுபடுமிடத்து மாந்தர் எண்ணங்களும் ஒன்றையொன்று எட்டாவகை பிரிந்துவிடாவா? 17ஆம் நூற்றாண்டில் லைப்னிற்ஸ், எல்லா எண்ணங்களுக்கும் மூலமான எளிய கருத்துக்களைக் கொண்ட ‘மனித சிந்தனையின் அரிச்சுவடி’ ஒன்றை நாடினார். அந்நாட்டத்தை மொழிகளில் வைத்துச் சோதித்தவர் அன்னா வியெஸ்பிட்ஸ்கா. 1972இல் அவர் முன்வைத்த மூலக்கருத்துக்கள் 14. பின்னர் கிளிஃப் கொடாட் முதலியோருடன் பன்மொழிகளை ஆராய்ந்ததன் பயனாக அவை 65 ஆகப் பெருகின. ‘நான்’, ‘நீ’, ‘நல்ல’, ‘அறி’ என்பன அவற்றுட் சில.

இப்பட்டியல் முடிந்த முடிபன்று. ஒரு மொழி மறுப்பினும் அது திருத்தப்படல் வேண்டும். அதுவே அதன் வலிமை. பொதுமையைத் தருக்கத்தால் மட்டும் நிறுவவியலாது. மிகச் சிலர் பேசும் மொழியையும் செவிமடுத்தே அறிதல் வேண்டும்.