சோபாவும் ஒரு அங்குலமும்

ரொம்ப நாளாக எழுதவில்லை. இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு புது சோபா இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. மூன்று பேர் உட்காரும் சோபா. 7 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி 10 அங்குலம் உயரம். முதுகும் கைகளும் ஒரே உயரத்தில் பெட்டி மாதிரி இருக்கும். வாங்குவதற்கு முன்னால் மகன் கூடத்துச் சுவரை டேப் வைத்து அளந்தான். 10 அடி இருந்தது. "தாராளமா உக்காரும்மா" என்றான். நானும் தலையாட்டினேன்.

வாசல் நிலையை யாரும் அளக்கவில்லை. அதன் உள் அகலம் 2 அடி 7 அங்குலம்.

வண்டியில் வந்த பையன்கள் படுக்கவைத்துப் பார்த்தார்கள், நட்டுக்க நிறுத்திப் பார்த்தார்கள், கதவைக் கழற்றினார்கள், சோபாவின் கால்களையும் கழற்றினார்கள். கால் போனதில் 2 அங்குலம் குறைந்தது. மிச்சம் 32 அங்குலம். நிலை 31. அந்த ஒரு அங்குலம் அசையவே இல்லை. அப்போதுதான் அந்தப் பையன்களில் ஒருவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "டீச்சர், என்னைத் தெரியலையா? அஞ்சாம் வகுப்புல அளவைகள் பாடம் நீங்கதான் எடுத்தீங்க."

முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் 'நீட்டலளவை' என்று எழுதிய கை இது. எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

எங்கள் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். கொத்தனாரைக் கூப்பிட்டு நிலையைப் பெயர்த்துவிட்டு அகலமாக வேறு நிலை வைத்துவிடலாம் என்று. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வதற்கு ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார், அந்தக் கோபம் அவருக்கு. உள்ளேயிருந்து என் மாமியார் வாக்கரைத் தட்டிக்கொண்டு வந்தார். 84 வயது. இந்த வீட்டுக்கு மருமகளாக அந்த நிலையைத் தாண்டித்தான் வந்தவர். "நாற்காலிக்காகவா நெலயப் பேக்கப் போறே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். சோபா வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. பணமும் கொஞ்சம் போனது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த நிலை ஏன் இவ்வளவு குறுகல்? கட்டியவர்களுக்கு அளக்கத் தெரியாதா? அப்படி இல்லையே, நம் தஞ்சாவூர்ச் சீமை அளவுக்குப் பேர் போன சீமை ஆயிற்றே என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

முதலில் அளவைச் சொல்கிறேன். விரல், சாண், முழம் உங்களுக்குத் தெரியும். 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். எல்லாம் உடம்பிலேயே இருக்கும் அளவுகோல், காசு கொடுத்து வாங்க வேண்டாம், மறந்துவிட்டு வெளியே போகவும் முடியாது. ஆனால் பூக்காரம்மா கை குட்டை என்றால் முழமும் குட்டை. இன்றைக்கும் மல்லிகைப்பூ வாங்கும்போது நாம் போடும் சண்டை அதுதானே. ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்தச் சண்டைக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ராஜராஜனும் அவன் அக்காள் குந்தவையும் கொடுத்த செப்புத் திருமேனிகளைப் பற்றி எழுதும்போது, சாமி அழகாக இருக்கிறார் என்று எழுதிவிட்டுப் போகவில்லை. கோயிலில் இருந்த முழத்தால் அளந்து, பாதம் முதல் கேசம் வரை இத்தனை விரல், இத்தனை தோரை என்று உயரத்தை வெட்டிவைத்திருக்கிறார்கள். விரலுக்கும் கீழே தோரை என்று ஒரு சின்ன அளவு. சாமி நிற்கிற பீடத்துக்குக்கூட நீளம், அகலம், உயரம் எல்லாம் உண்டு. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று ஒரு கல், நெல்லை அளக்க அதே பெயரில் ஒரு மரக்கால். இன்னார் கையால் முழம் என்ற பேச்சே இல்லை. கோயில் முழம்தான் முழம்.

நிலத்துக்கு வேறு கோல். 12 சாண் கோல், 16 சாண் கோல், 18 சாண் கோல் என்று இடத்துக்கு இடம் மாறும். அதனால்தான் நிலம் விற்றால் எந்தக் கோலால் அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய கோயில்கள் சிலவற்றில் சுவரிலோ அடித்தளத்திலோ ஒரு நீளக்கோடு வெட்டி, இரண்டு முனையிலும் குறி போட்டிருப்பார்கள். பார்த்திருக்கிறீர்களா? சந்தேகம் வந்தவன் தன் கோலைக் கொண்டுவந்து அதில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பின்னமும் அப்படித்தான். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி என்றால் அந்த முந்திரியிலும் 320இல் ஒரு பங்கு, அதாவது 1,02,400இல் ஒன்று. இந்தக் கணக்குப் போட்ட ஊரில் நான் ஒரு அங்குலத்தைக் கோட்டைவிட்டேன்.

அப்புறம் வெள்ளைக்காரன் அடியும் அங்குலமும் கொண்டுவந்தான். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால், மரப்பெட்டிக்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்திருக்கிறார். முடிக்க 57 நாள் ஆனது. இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய நில அளவைக்கு அதுதான் முதல் கோடு.

அந்த லாம்டன் 1808இல் தஞ்சாவூருக்கு வந்தார். நம் பக்கம் சமவெளி, ஏறி நின்று பார்க்க மலை கிடையாது. பெரிய கோயில் கோபுரம்தான் மலை. கோணம் பார்க்கும் தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். அரை டன் எடை, அதன் வட்டத்தட்டு மட்டும் 3 அடி குறுக்களவு (எங்கள் சோபாவின் அகலமும் 3 அடிதான், என்ன பொருத்தமோ!). கருவி சுவரில் இடிக்காமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்து, கருவி போய்க் கோபுரத்தில் மோதி நசுங்கியது. அப்பேர்ப்பட்ட கருவி இங்கே வேறு ஏது? லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு ஆறு வாரம் உட்கார்ந்து, வளைந்துபோன வட்டத்தைத் தன் கையாலேயே நிமிர்த்திச் சரிசெய்தாராம். கோணத்தை அணு அணுவாகப் பார்க்கத் தெரிந்த மனிதருக்கும் பொருளைக் கொண்டுபோகிற வழியில்தான் இடித்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கொஞ்சம் லேசானது, பொய் சொல்லவில்லை.

மீட்டர் வந்த கதை உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். 1956இல் சட்டம், 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபரில் கிலோ. எங்கள் வாத்தியார் அங்குலமும் சொல்லிக்கொடுத்தார், சென்டிமீட்டரும் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. ப்ளைவுட் கடைக்குப் போய்ப் பாருங்கள். பலகை 8 அடிக்கு 4 அடி, ஆனால் கனம் 19 மில்லிமீட்டர். ஆசாரி வாயில் அங்குலமும் நூலும்தான் வரும். 8 நூல் ஒரு அங்குலம். சோபாவில் தொங்கிய அட்டையில் 213, 91, 86 என்று சென்டிமீட்டரில் போட்டிருந்தது. 86 என்றால் கிட்டத்தட்ட 34 அங்குலம் என்று என் மனசுக்குள் ஓடவே இல்லை. அடி அங்குலத்தில் போட்டிருந்தால் நிலை ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ.

ஆனால் அளவு தெரியாததால் அந்த நிலை குறுகலாக இருக்கவில்லை. எங்கள் வீட்டில் முன்பு என்னென்ன சாமான் இருந்தது என்று மாமியாரிடம் கேட்டேன். விரல் விட்டுச் சொன்னார். பாய், சுருட்டி மூலையில் நிறுத்தலாம். ஊஞ்சல் பலகை, சங்கிலியைக் கழற்றினால் ஒரு பலகைதான். கட்டில், கால் வேறு சட்டம் வேறாகப் பிரியும். சாய்வு நாற்காலி, மடங்கும். "அப்போ பத்தாயம்?" என்றேன். நெல் கொட்டிவைக்கிற மரப்பத்தாயம் ஆள் உயரத்துக்கு மேல் இருக்குமே, அது எப்படி இந்த நிலைக்குள் நுழைந்தது? அவர் சிரித்தார். "அடுக்கு அடுக்காத்தானே வந்துது. உள்ளே வச்சுல்ல ஒண்ணுமேல ஒண்ணு பூட்டுனாங்க."

எனக்கு அங்கேதான் விளங்கியது. நம் வீட்டுச் சாமான் எல்லாம் சுருளும், மடங்கும், பிரியும். நிலை வழியாக முழுசாக நுழைய வேண்டியது மனுஷனும், அவன் தலையில் இருக்கிற நெல் மூட்டையும், மாடு கன்றுக்குக் கொல்லைப்பக்கம் தனி வழி. அதற்கு இந்த அகலம் போதும். பெரிய இருக்கை வேண்டுமென்றால் அதை வீட்டோடு சேர்த்தே கட்டிவிட்டார்கள். அதற்குப் பெயர் திண்ணை. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். சோபா என்ற சொல்லே அரபியில் 'சுஃப்பா' என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள். துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது. தரையைவிட உயர்த்திக் கட்டி, மேலே விரிப்பும் திண்டும் போட்ட மேடை என்பதுதான் பழைய பொருள். நம் திண்ணைக்கு உறவுக்காரர்தான்! அங்கே கட்டிடத்தோடு இருந்த மேடை ஐரோப்பாவில் கால் முளைத்து நாற்காலிக் கூட்டத்தில் சேர்ந்து, பிரிக்க முடியாத ஒரே துண்டாக நம் வாசலுக்கு வந்து நிற்கிறது. சுவரோடு கட்டிய திண்ணையை யாரும் நிலை வழியாக உள்ளே தூக்கிக்கொண்டு போனதில்லை. ஆகவே நிலையைப் பொருளுக்கு ஏற்ப அளக்கிற பழக்கமே நமக்கு வரவில்லை. இது என் ஊகம்தான், புத்தகத்தில் தேடாதீர்கள்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. 1966இல் லியோ மோசர் என்ற கணித அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு அலகு அகலமுள்ள நடை, செங்கோணத்தில் திரும்புகிறது. அதில் தள்ளிக்கொண்டு போகக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு எவ்வளவு? பெயரே 'சோபா நகர்த்தும் கணக்கு'. 1992இல் கெர்வர் என்பவர் 2.2195 வரும்படி ஒரு வடிவம் வரைந்தார், பழைய தொலைபேசி ரிசீவர் மாதிரி வளைந்திருக்கும். அதைவிடப் பெரியது முடியாது என்று 2024இல்தான் ஒரு கொரிய இளைஞர் நிறுவியதாக வெளியிட்டார். நேராகப் போகிற வழி ஒரு கணக்கு, திரும்புகிற வழி வேறு கணக்கு. மாடி வீட்டுக்குச் சாமான் வாங்கும் பிள்ளைகள் படிக்கட்டுத் திருப்பத்தையும் லிஃப்ட் கதவையும் அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நிலையை அளக்கும்போதும் மரத்தின் வெளிவிளிம்பை அளக்காமல் உள்ளுக்கு உள் அளக்க வேண்டும். கதவு முழுக்கத் திறக்காவிட்டால் கதவின் கனத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். பொருளில் நீளத்தைவிட உயரமும் ஆழமும்தான் முக்கியம். அந்த இரண்டில் சின்னது எதுவோ அதுதான் நிலையோடு மல்லுக்கு நிற்கும்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். உள்ளூர் ஆசாரியைக் கூப்பிட்டோம். அவர் டேப்பை எடுப்பதற்கு முன்னால் பழைய செய்தித்தாள் கேட்டார். கூடத்தில் சோபா வரவேண்டிய இடத்தில், சோபா அளவுக்கே தாளை ஒட்டவைத்து விரித்தார். 7 அடி நீளம், 3 அடி அகலம், திரும்பிப் போன சோபாவின் அளவு. "பாட்டியை ஒரு தடவை நடக்கச் சொல்லுங்க" என்றார். மாமியார் தன் அறையிலிருந்து வாக்கரை எடுத்துவைத்துக் கிளம்பினார். குளியலறைக்குப் போகும் வழியில், நாலாவது அடியிலேயே வாக்கரின் ஒரு கால் தாள் மேல் ஏறியது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நிலை மட்டும் 2 அங்குலம் அகலமாக இருந்திருந்தால் அந்தச் சோபா உள்ளே வந்திருக்கும். நாங்கள் சந்தோஷமாக உட்கார்ந்திருப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் எழுந்துபோகிற பழக்கம் அவருக்கு.

ஆசாரி ஒன்றும் சொல்லாமல் தாளைக் கொஞ்சம் மடித்தார். மறுபடி நடக்கச் சொன்னார். மறுபடி மடித்தார். நாலாவது தடவை வாக்கர் தாளைத் தொடாமல் போய்த் திரும்பி வந்தது. மாமியார் நடுவில் நின்று, "இன்னும் ஒரு சாண் விடு, தண்ணிச் செம்பு எடுத்துட்டு வரணும்ல" என்றார். ஒரு சாண் விட்டார். அப்புறம்தான் டேப்பை எடுத்தார். 5 அடி 3 அங்குல நீளம், 2 அடி 3 அங்குல அகலம். மகன் அதைப் போனில் சென்டிமீட்டராகப் போட்டுக்கொண்டான். ஆசாரி காதில் இருந்த பென்சிலை எடுத்து ஒரு ப்ளைவுட் துண்டில் அங்குலத்திலேயே எழுதிக்கொண்டார்.

ஒரே துண்டாக இல்லாமல் இரண்டாகச் செய்து, உள்ளே கொண்டுவந்து போல்ட் போட்டுப் பூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கை வைக்கும் இடம் மாமியார் ஊன்றி எழுந்திருக்கிற உயரத்துக்கு வேண்டும். அதற்காக அவரை மர முக்காலியில் உட்கார வைத்து, முழங்கையிலிருந்து தரை வரை நூல் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார். ஆவணிக்குள் வந்துவிடும் என்கிறார், பார்ப்போம்.

அந்த வண்டிப் பையன் எண் கொடுத்துவிட்டுப் போனான். புது சோபா வரும்போது நிலை வழியாக உள்ளே எடுத்துப் போக அவனையே கூப்பிடுவதாக இருக்கிறேன்.